ஐசியை மாற்றினால் மட்டும் ‘உஸ்’ போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் ‘உஸ்’ என்று இரைகிறதே என்று கேட்ட வாசகருக்கு, பிரீ-ஆம்பில் (சிறு சிக்னலைப் பெருக்கும் முதல் பகுதி) உள்ள 4558 ஐசியைக் கழற்றிவிட்டு 5532 போடுங்கள் என்று தங்கள் கேள்வி-பதில் பகுதியில் சொல்லியிருந்தது. அது பாதிதான் சரி. அதை அப்படியே செய்தால் இரைச்சல் குறையாமலே இருக்கலாம். கூடவே வால்யூமைத் திருகும்போது ‘கரகர’ என்று புதுச் சத்தம் ஒன்றும் வந்து சேரும்.

முதலில் என்ன சத்தம் என்று பார்க்க வேண்டும். ‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் முனகினால் அது ஹம். கரண்டிலிருந்து வரும் 50, 100 ஹெர்ட்ஸ் சமாச்சாரம். ஃபில்டர் கண்டன்சரையும் எர்த் வயரிங்கையும் பார்க்க வேண்டிய வேலை, இங்கே அது வேண்டாம். குக்கரில் விசில் வருவதற்கு முன் ஆவி சீறுமே, அந்த மாதிரி சத்தத்தைத்தான் இங்கே சொல்கிறோம்.

சால்டரிங் அயனைச் சூடாக்கும் முன் இரண்டு சோதனை போதும். வால்யூமை முழுக்கக் குறையுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்குப் பின்னால். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் முன்னால். அடுத்து, இன்புட் சாக்கெட்டில் உள்கம்பியையும் கிரவுண்டையும் ஷார்ட் செய்த ஆடியோ பின் ஒன்றைச் செருகுங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி உங்கள் செட் அல்ல, அதில் செருகியிருந்த யுஎஸ்பி பேனலோ போனோதான். கேசட் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது நாடாவின் இரைச்சல், போர்டைத் தொடாதீர்கள். எஃப்எம்மில் மட்டும் என்றால் சிக்னல் குறைவு. பள்ளத்தாக்கு வீடுகளில் இது சகஜம். ஸ்டீரியோவை மோனோவுக்குத் தள்ளிப் பாருங்கள், பெரும்பகுதி அடங்கிவிடும்.

இனி காரணம். எந்த ரெசிஸ்டரும் (மின்தடை) தன் வெப்பத்தாலேயே நுண்ணிய மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். 1928-ல் விஞ்ஞானி ஜான்சன் அளந்து காட்டியதும் நைக்விஸ்ட் கணக்குச் சொன்னதும் இதைத்தான். மலைக்குளிரில் இது குறையும் என்று சிலர் நினைப்பதுண்டு. சென்னையின் 35 டிகிரிக்கும் ஊட்டியின் 10 டிகிரிக்கும் வித்தியாசம் அரை டெசிபல்கூடத் தேறாது. ஆனால் ரெசிஸ்டரின் மதிப்பு நூறு மடங்கு ஏறினால் இரைச்சல் பத்து மடங்கு ஏறும்: கேட்கும் எல்லைக்குள் 1 கே (ஆயிரம் ஓம்) ரெசிஸ்டருக்கு 0.57 மைக்ரோவோல்ட், 100 கே-க்கு 5.7.

அசெம்பிள் செட்டுகளில் வால்யூம் கன்ட்ரோல் பெரும்பாலும் 100 கே. அதன் மின்தடை இருபுறமும் சரிபாதியாகும் இடத்தில் ஐசிக்குத் தெரியும் மதிப்பு 25 கே. அதிலிருந்து மட்டும் 2.9 மைக்ரோவோல்ட் வருகிறது. 4558-ன் சொந்த இரைச்சல் சுமார் 1.1, 5532-ன் இரைச்சல் 0.7. ஐசியை மாற்றினால் ஐசியின் சொந்த இரைச்சலில் மிச்சமாவது அந்த 0.4-தான். போதாக்குறைக்கு 5532-ன் உள்ளீட்டு மின்னோட்டத்துக்கும் தனியாக ஓர் இரைச்சல் உண்டு. அது அந்த 25 கே மீது விழுந்து இன்னொரு 2.5 மைக்ரோவோல்ட்டைச் சேர்க்கும். வால்யூமின் நடுக்கால் நேராக ஐசிக்குப் போனால், 5532-ன் 200 நானோ ஆம்பியர் பயாஸ் கரண்ட் (ஐசியின் உள்ளீட்டில் எப்போதும் ஓடும் சிறு டிசி) கன்ட்ரோலுக்குள்ளேயே ஓடும். ‘கரகர’ சத்தம் அங்கிருந்துதான்.

ஊட்டி முத்தோரையில் 1970-ல் கட்டிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியிலும் சண்டை இதே இரைச்சலோடுதான். பெருக்கும் முதல் படியில் கலந்த இரைச்சலை அடுத்த படிகள் சிக்னலோடு சேர்த்துப் பெருக்கிக்கொண்டே போகும். பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே கை வைக்க வேண்டியது முதல் படியில்.

வால்யூம் கன்ட்ரோலை 10 கே லாக் (காதுக்கேற்றபடி சத்தம் ஏறும் வகை) ஆக்குங்கள். கண்டன்சரையும் மறக்காதீர்கள். வால்யூமுக்கு முன்னால் இருக்கும் 0.1 மைக்ரோஃபாரட் 100 கேயோடு 16 ஹெர்ட்ஸ் வரை விடும். 10 கேயோடு 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும். 2.2 மைக்ரோஃபாரட் போட்டால் சரி. அடுத்து பிரீ-ஆம்பின் ஃபீட்பேக் (பெருக்கத்தின் அளவைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர் ஜோடி): 100 கே, 10 கே ஜோடியை 10 கே, 1 கே ஆக்குங்கள். 1 கேயோடு சீரியலில் உள்ள 1 மைக்ரோஃபாரட் 22 ஆக வேண்டும். மேலே, 100 கே இருந்த இடத்துக்குக் குறுக்கே உள்ள 47 பிகோஃபாரட் 470 ஆக வேண்டும். நீல உடல் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரையே வாங்குங்கள். பழுப்பு நிற கார்பன் ரெசிஸ்டரில் டிசி ஓடினால் கூடுதல் இரைச்சல் உண்டு.

இதைவிடப் பலன் தருவது, தேவையில்லாத பெருக்கத்தைக் குறைப்பது. போனும் யுஎஸ்பி பேனலும் போதிய சிக்னல் தருகின்றன. அதைப் பத்து மடங்கு பெருக்கிவிட்டு வால்யூமை எட்டு மணி முள் அளவில் வைத்துக் கேட்பது வீண். பிரீ-ஆம்ப் வால்யூமுக்குப் பின்னால் இருந்தால், அதற்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கும் நடுவே 10 கே ரெசிஸ்டரைச் சீரியலில், 1 கேயைக் கிரவுண்டுக்குப் போடுங்கள். சிக்னல் பதினொன்றில் ஒரு பங்காகும், பிரீ-ஆம்பின் இரைச்சலும் கூடவே இறங்கும். டிடிஏ 2030 (பவர் ஆம்ப் ஐசி) போர்டில் 22 கே, 680 ஓம் ஜோடியால் பெருக்கம் 33 மடங்கு. 680-ஐ 1.2 கே ஆக்கினால் 19 மடங்கு. அதற்குக் கீழே போகாதீர்கள். அந்த ஐசி 24 டெசிபலுக்குக் குறைந்தால் ஆசிலேட் ஆகும் (சிக்னல் இல்லாமலே தானாக அதிரும்) என்று தயாரிப்பாளரே எச்சரித்திருக்கிறார்.

இவ்வளவுக்கும் பிறகு 5532 போடுங்கள், அப்போது அது வேலை செய்யும். கால் அமைப்பு 4558 மாதிரியேதான். ஆனால் சாப்பாடு அதிகம், 8 மில்லி ஆம்பியர். 30 வோல்ட்டிலிருந்து 2.2 கே வழியாக 12 வோல்ட் ஜீனருக்கு (மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் டயோடு) இறக்கியிருந்தால் மொத்தமே 8.2-தான் கிடைக்கும், ஜீனர் கைவிட்டுவிடும். 2.2 கேயை 1 கே, 1 வாட் ஆக்குங்கள், ஜீனரும் 1 வாட்டாக இருக்கட்டும். 4-வது, 8-வது காலை ஒட்டி 104 (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கண்டன்சர் ஒன்று கட்டாயம்.

ஸ்பீக்கர் முனையில் குறுக்கே வெறும் கண்டன்சர் போட்டு இரைச்சலை அமுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம், ஆம்ப் ஆசிலேட் ஆகிச் சூடேறும். அங்கே முன்பே இருக்கும் 1 ஓம் ரெசிஸ்டர் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். கருகியிருந்தாலும் இதே ‘உஸ்’தான், கூடவே ஹீட்சிங்க் கை வைக்க முடியாமல் சுடும்.

போர்டைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கண்டன்சரை 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் காலி செய்யுங்கள், ஸ்க்ரூடிரைவரால் அல்ல. வேலை முடிந்ததும் ஐசி கால்களுக்கு நடுவே ஒட்டிய ஃப்ளக்ஸை (சால்டரிங் பசை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மின்விளக்கடியில் நன்றாகக் காய வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் அது ஈரத்தை உறிஞ்சினால் படபடவென்று வேறொரு சத்தம் கிளம்பும். தின்னர் வேண்டாம், வால்யூம் கன்ட்ரோலின் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

இப்படிக்கு,
ஆடியோ பழுதுபார்ப்போர் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.