கோப்புக்குள் இருந்த கால் அளவுகள்

அவுஸ்திரேலியக் குடிவரவுக்குப் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் மெல்பேர்னில் ஓர் அண்ணையைத் தகனம் செய்தோம். மனைவியும் மகளும் வவுனியாவிலிருந்து போனில் பார்த்தார்கள். போனைப் பிடித்திருந்தது நான். “மாமா, கொஞ்சம் கிட்டக் கொண்டு போங்கோ, அப்பான்ர முகம் தெரியேல்ல” என்றாள் மகள்.

2012 கடைசியில் படகில் வந்தவர். மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். கிறிஸ்மஸ் தீவு, தடுப்பு முகாம், பெயருக்குப் பதில் படகு இலக்கம், பிறகு முடிவு வரும் வரைக்கும் தருகிற பிரிட்ஜிங் விசா. முகாமை விட்டு வெளியே வந்த அன்று, “இனிக் கொஞ்ச நாள்தான்” என்று மனைவிக்குச் சொன்னாராம். அந்த விசாவில் குடும்பத்தைக் கூப்பிடவும் முடியாது, ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பவும் முடியாது.

அவருடைய அறையை ஒதுக்கும்போது ஒரு கோப்பு கிடைத்தது. உங்கள் கடிதங்களுக்கு நடுவே கொப்பித் தாள்கள். வருசா வருசம் மகள் தாளில் காலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அனுப்பியிருக்கிறாள், அப்பா சப்பாத்து வாங்கி அனுப்புவதற்காக. முதல் தாளில் இருந்த கால் என் உள்ளங்கைக்குள் அடங்கியது. கடைசித் தாளில் இருப்பது ஒரு குமர்ப்பிள்ளையின் கால். அந்தக் கால் வளர்ந்ததை அவர் தாளில்தான் பார்த்தார்.

2012 ஓகஸ்ட் 13 முதல் 2013 முடியும் வரை படகில் வந்தவர்களை, அகதிக் கோரிக்கைகளை அவசரமாக முடிக்கிற ‘விரைவு’ முறைக்குள் தள்ளினீர்கள். மறுபரிசீலனை என்ற பெயரில், பெரும்பாலும் ஆளைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்காமலே கோப்பை மட்டும் பார்த்து முடிவெடுத்தார்கள். அந்த மறுபரிசீலனை அமைப்பை 2024 ஒக்டோபரில் நீங்களே இல்லாமல் செய்தீர்கள். அப்படியானால் அது எழுதிய முடிவுகள் மட்டும் ஏன் இன்னும் உயிரோடு இருக்கின்றன? 2023இல் தற்காலிகப் பாதுகாப்பு விசா கிடைத்திருந்தவர்களுக்கு நிரந்தர வழி திறந்தீர்கள், நன்றி. அண்ணையைப் போல நிராகரிக்கப்பட்டவர்களை வாசலிலேயே விட்டுவிட்டீர்கள்.

எங்கள் பொங்கல் விழாக்களுக்கு வருகிறீர்கள். தமிழர் குடும்பப் பாசம் உள்ளவர்கள் என்று மேடையில் புகழ்கிறீர்கள். கீழே தனியாக உட்கார்ந்திருக்கிற ஆண்களின் குடும்பங்கள் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அது எனக்கு ஆறவில்லை.

கோபத்தில் எழுதியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: அப்படி நிராகரிக்கப்பட்டவர்களுக்கு நிரந்தர விசா கொடுங்கள், குடும்பங்களைச் சேர விடுங்கள். அண்ணையோடு அந்த வீட்டில் இருந்த மற்ற இருவரும் அதே வருசம் படகில் வந்தவர்கள். ஒருவருக்கு அடுத்த மாதம் விசா முடிகிறது. அவருக்கும் ஊரில் இரண்டு பிள்ளைகள். தயவுசெய்து அவருடைய கோப்பை எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
போனைப் பிடித்திருந்தவன்