அந்தோணிக்கு வேலையில்லாத ஊர்

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்தபோது நான் மண்டபம் ஊரில் இல்லை, சிங்கப்பூரில் இருந்தேன். நம்புடா. காதர் வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தானே, இந்த முறை அந்தோணியும் கூட வந்ததால் கிளம்பிவிட்டேன். மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் அவன் படகு கரையில்தான். வீட்டில் சும்மா கிடப்பதற்குப் பதில் வருகிறேன் என்றான்.

உன் அக்கா மகள் சக்கர நாற்காலியோடு மேல்படிப்புக்கு வெளிநாடு போவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். நானும் நாற்காலியில் போகிறவன்தானே, நான் பட்டதைச் சொல்கிறேன்.

டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொன்னால் மட்டும் போதாது. படி ஏற முடியாதவருக்கு ஒரு குறியீடு, இருக்கை வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டியவருக்கு வேறு குறியீடு. எனக்கு இரண்டாவது, டபிள்யூ.சி.எச்.சி என்று டிக்கெட்டில் இருக்க வேண்டும். காதர் அங்கிருந்தே போன் போட்டுப் போட்டு அதைப் பதிய வைத்தான். விமானத்தின் வாசலில் என் நாற்காலியை வாங்கிக்கொண்டு, இருக்கைகளுக்கு நடுவில் நுழையும் ஒல்லியான ஒன்றில் மாற்றி, பெல்ட் போட்டுத் தள்ளிப்போனார்கள். திருச்சியிலிருந்து நாலு மணி நேரம்தான், ஆனால் கழிப்பறைக்குப் போவதை நினைத்து நான் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை, அந்தோணி கண்டுபிடித்துவிட்டு விமானம் முழுக்கக் கேட்கும்படி திட்டினான். திரும்பி வரும்போது நாற்காலியின் கால்தாங்கியை வளைத்துக் கொடுத்தார்கள், கேட்டால் ஆளுக்கு ஒரு கவுண்டரைக் கைகாட்டினார்கள். அவளிடம் சொல், ஒப்படைக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும்.

அங்கே போனபிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தோணியை உனக்குத் தெரியும், படியைப் பார்த்தாலே குனிந்து என் கக்கத்தில் கை கொடுத்துவிடுவான், மண்டபத்தில் ரயில் ஏறுவதென்றால் அவனும் இன்னொருவரும் இல்லாமல் முடியுமா என்ன. அங்கே எம்.ஆர்.டி என்கிற மெட்ரோ ரயில் ஸ்டேஷனில் லிஃப்ட், நடைமேடையும் ரயிலும் ஒரே மட்டம், நானே உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பஸ்ஸில் டிரைவர் இறங்கி வந்து, தரையில் மடித்து வைத்திருக்கும் பலகையைக் கையால் விரித்துப் போட்டு, எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் போனார். நாற்காலிக்கென்று இடம், பஸ்ஸின் பின்பக்கம் பார்த்தபடி உட்கார வேண்டும். நேரமாகிறது என்று யாரும் உச்சுக்கொட்டவில்லை. “இங்கே எனக்கு என்னடா வேலை?” என்று அந்தோணி உண்மையாகவே கோபப்பட்டான்! வேலை இல்லாததால் கடைகளைப் பார்த்தான், என் பக்கத்திலேயே நடந்தான், இரண்டு பேரும் பழைய கதையெல்லாம் பேசினோம். ஊரில் அவன் எப்போதும் என் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வருவதால் முகம் பார்த்துப் பேசுவதே அபூர்வம், அது அன்றுதான் எனக்கு உறைத்தது.

எல்லாம் சொர்க்கம் என்று எழுத மாட்டேன். லிட்டில் இந்தியாவில் கடைவாசலை ஒட்டிப் போகும் பழைய ஐந்தடி நடைபாதை ஒரு கடைக்கு ஒரு உயரம். அங்கே இரண்டு பேரும் தூக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் காதர் தூக்குவதற்கு முன் “எங்கே பிடிக்க?” என்று கேட்டான். நீங்கள் யாரும் இத்தனை காலம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவள் சொல்லிப் பழகட்டும். கூட வரும் தோழிகளுக்கு எதில் உதவி வேண்டும், எதில் வேண்டாம் என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி.

அப்புறம், அவளுடையது பேட்டரி நாற்காலிதானே? விமானத்தில் கழற்றிக் கையோடு கொண்டுபோகும் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவுக்கு 300 வாட்-அவர் என்று வரம்பு உண்டு. பேட்டரி மேலேயே அச்சடித்திருக்கும், படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல், காதரிடம் காட்டிக் கேட்கிறேன்.

அன்புடன்,
ராசு