டிரக் மாமாவுக்கு 80 வயது

நோவை, மிச்சிகன்
16 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முட்டி வலி பரவாயில்லை. இதைக் கையால் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தமிழில் எழுதினால்தான் நீ எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பாய். சனிக்கிழமைதோறும் அழுதுகொண்டே தமிழ்ப் பள்ளிக்கு வந்தாயே, அது இன்றைக்காவது உதவட்டும்.

நேற்று தந்தையர் தினமாம். அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நமக்கு அதெல்லாம் எப்போது வழக்கம்? நான் ஒன்றும் நினைக்கவில்லை. அம்மாதான் போனைச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருந்தாள். உங்கள் ஊரில் இப்போது ஏழுதான் ஆகிறது, இன்னும் நேரம் இருக்கிறது என்று சொன்னேன். அப்புறம் படுத்துவிட்டோம்.

பீனிக்ஸ் வெயிலில் டயர் காற்றைப் பார்த்துக்கொள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்து அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்து விடாதே. டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருப்பதுதான் சரியான அளவு. டயரின் பக்கவாட்டில் இருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்க்காதே. வாரத்துக்கு ஐந்நூறு மைல் ஓட்டுகிறவனுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் டிரக் மாமாவுக்கு 80 வயது ஆகிவிட்டது. மே 6. அன்றே உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், நீ எடுக்கவில்லை. பாடகர் பாப் சீகர் என்று பேர் சொன்னால் உனக்கு யாரென்றே தெரியாத வயதில், டிவியில் அந்த ஷெவர்லே டிரக் விளம்பரம் வரும்போதெல்லாம் "டிரக் மாமா, டிரக் மாமா" என்று சோபாவில் குதிப்பாய். 1991-லிருந்து 2004 வரை ஓடிய விளம்பரம். நீ வளர்ந்த காலம் முழுக்க அந்தக் குரல் நம் வீட்டுக் கூடத்தில் இருந்தது.

அவர் பிறந்த நாளிலிருந்து கராஜில் பழைய கேசட்டுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ ஓட்டும்போது கேட்க உனக்கும் சில பாட்டுகளைச் சொல்லலாம் என்று தோன்றியது. முதல் பாட்டு உனக்கே தெரியும். 'டர்ன் த பேஜ்'. ஸ்டூடியோவில் பாடியது வேண்டாம். 1975 செப்டம்பரில் டெட்ராய்ட் கோபோ ஹாலில் பதிவு செய்து, அடுத்த வருடம் 'லைவ் புல்லட்' என்று வந்ததே, அதில் உள்ளது. நான் 1983-ல் வந்து வெய்ன் ஸ்டேட்டில் சேர்ந்தேன். படிப்பு முடிந்து முதல் வேலை கிடைத்த இடத்தில், டூல் ரூமில் ஒரு போலந்துக்காரர் இருந்தார். இந்த ஊரில் இருக்க வேண்டுமானால் முதலில் இதைக் கேள் என்று அந்தக் கேசட்டை என் கையில் வைத்தார்.

நெடுஞ்சாலையில் ஊர் ஊராகப் போகிற பாட்டுக்காரன் ராத்திரி ஒரு ஓட்டலுக்குள் நுழைகிறான், அவன் நீள முடியைப் பார்த்து எல்லாரும் முறைக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. எனக்கு நீள முடி இல்லை. ஆனால் அந்தப் பார்வை தெரியும். நான் வருவதற்கு முந்தைய வருடம்தான் இங்கே வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளிப் பையனை மட்டையால் அடித்தே கொன்றிருந்தார்கள். ஜப்பான் கார்களால் வேலை போனது என்ற கோபம் அவன் தலையில் விடிந்தது. சாலையோரக் கடையில் காபி வாங்கப் போனால் நான் கவுண்டரிலேயே நின்று குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன், உட்கார மாட்டேன். அந்தப் பாட்டு அந்த நாட்களில் எனக்குத் துணை. உன்னிடம் இதைச் சொன்னதில்லை. பயந்துவிடுவாய் என்று நினைத்தேன்.

அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் சாக்சபோன் இருக்கிறதே, அதை வாசித்த ஆல்டோ ரீட் 2020 கடைசியில் காலமானார். நீ அதை வாசிக்கப் பழகியதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அடுத்து 'நைட் மூவ்ஸ்', 1976. அப்பாவும் மகனும் சேர்ந்து கேட்கிற பாட்டு இல்லை, தனியாகக் கேள். 'மெயின்ஸ்ட்ரீட்', அதுவும் அதே ஆல்பம். நீ நான்கு வருடம் படித்த ஆன் ஆர்பரில் ஆன் ஸ்ட்ரீட் இருக்கிறதல்லவா, அந்தத் தெருவை நினைத்து எழுதியது. அந்த ஊரில்தான் அவர் வளர்ந்தார். நீ அங்கே சேர்ந்த அன்று நான் தெருப் பலகையைக் காட்டினேன், நீ செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். போகட்டும், உனக்கு அந்த இடம் கிடைத்ததே எனக்குப் பெருமை. இன்றைக்கும் யாராவது கேட்டால் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

'ஷேக்டவுன்' வேண்டாம். 1987-ல் அது முதலிடத்துக்கு வந்தது, வேறு எந்தப் பாட்டும் அவருக்கு அங்கே போகவில்லை. நல்லதெல்லாம் கீழே நிற்க இதுதான் மேலே போயிற்று. 'ஓல்ட் டைம் ராக் அண்ட் ரோல்' உன் கல்யாண ரிசப்ஷனில் போட்டார்கள். கவிதாவின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினாரே, அந்த வீடியோ எங்களிடம் இருக்கிறது. நல்ல மனுஷன். அவர்களிடம் பேசி ரொம்ப நாள் ஆகிறது. கவிதாவையும் பாப்பாவையும் விசாரித்ததாகச் சொல். பாப்பா என்ன, மூன்று வாரமாக வீடியோவில் வரவே இல்லை? பள்ளிக்கு லீவு விட்டிருப்பார்களே.

'ரோல் மீ அவே'. இதை நாமும் பாடியிருக்கிறோம். மாக்கினாப் பாலத்தின் மேல் ஐந்து மைலும் கண்ணாடியை இறக்கிவிட்டு நீ கத்திக்கொண்டே வந்தாய், அம்மா கண்ணை மூடிக் கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வந்தாள். பாட்டில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் மாக்கினா சிட்டியை விட்டு மேற்கே கிளம்பிப் போகிறான். வழியில் ஒரு பெண் சேர்ந்துகொள்கிறாள், மலை வரைக்கும் கூட வருகிறாள். பிறகு அவளுக்கு வீட்டு ஞாபகம் வந்து பாதியில் திரும்பிவிடுகிறாள். வேண்டாம், இதை இப்போது கேட்க வேண்டாம். பொதுவாகச் சொல்கிறேன்.

'அகெய்ன்ஸ்ட் த விண்ட்' கேள். 1980. பள்ளிக்கூட நாளில் அவர் நீண்ட தூரம் ஓடுகிறவர், எதிர்க்காற்றில் ஓடியவர், அதிலிருந்து வந்த பாட்டு. அந்த ஆல்பம் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த நிலைக்கு வர எத்தனை வருடம் தெரியுமா? 1976-ல் பாண்டியாக் சில்வர்டோம் ஸ்டேடியத்தில் எழுபதாயிரத்துக்கும் மேலே கூட்டம். அடுத்த ராத்திரி சிகாகோவில் ஆயிரம் பேர்கூட இல்லை. நம் ஊரில் ராஜா, முந்நூறு மைல் தாண்டினால் யார் நீ என்கிறார்கள். பராசக்தி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் சில்வர்டோமைக் காட்டி இந்தக் கதையைச் சொல்வேன், நீ "தெரியும்பா" என்பாய். 2017-ல் அதை இடித்தபோது முதல் நாள் வெடி வைத்தும் விழவில்லை, மறுநாள்தான் விழுந்தது. உனக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருந்தாய்.

ஒரு வேலை சரியாக அமையவில்லை என்றால், ஏன் வேறு எதுவானாலும், உடனே எல்லாம் போயிற்று என்று நினைக்கக் கூடாது. அதற்காகத்தான் சிகாகோவைச் சொன்னேன். தண்ணீர் நிறையக் குடி. டயரைப் பார்.

கடைசியாக விளம்பரத்தில் வந்த பாட்டு, 'லைக் எ ராக்'. நீ பிறந்த 1986-ல் வந்தது. அந்த டிரக்குகளில் நாங்கள் செய்த பிரேக் பாகங்களும் இருந்தன, அதனால் அது ஏதோ எங்கள் பிளான்ட் பாட்டு என்றே எனக்கு ஒரு கர்வம். பாறை மாதிரி உறுதி, இரும்பு, உழைப்பு. ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள் கராஜில் முழுவதும் உட்கார்ந்து கேட்டேன். அது உறுதியைப் பற்றிய பாட்டே இல்லை, தம்பி. நாற்பதைத் தொட்ட ஒருவன், பதினெட்டு வயதில் எப்படி இருந்தேன், இந்த இருபது வருடம் எங்கே போயிற்று என்று நின்று பார்க்கிறான். இத்தனை வருடம் விளம்பரத்தில் வந்த துண்டை மட்டும் கேட்டுவிட்டு, பாட்டே தெரிந்த மாதிரி பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். உனக்கும் இப்போது 39.

சீகருக்குப் பத்து வயதில் அவர் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். ஃபோர்டில் வேலை பார்த்தவர், பல வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர். கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார், இங்கே குடும்பம் கஷ்டப்பட்டது. அதை நினைத்துத்தானோ என்னவோ, 1996 சுற்றுப்பயணம் முடிந்ததும் தன் இரண்டு பிள்ளைகளையும் வளர்ப்பதற்காக சீகர் வீட்டோடு இருந்துவிட்டார். அடுத்த ஆல்பமும் அடுத்த பயணமும் 2006-ல்தான். அவ்வளவு பெரிய ஆள் பத்து வருடம் வீட்டில் இருந்திருக்கிறார்.

1996 உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குப் பத்து வயது. பள்ளி பேண்டுக்கு மாத வாடகையில் சாக்சபோன் எடுத்த வருடம். 'டர்ன் த பேஜ்' தொடக்கத்தை மட்டும் பேஸ்மென்டில் நின்று வாசிப்பாய், மாடு கத்துகிற மாதிரி இருக்கிறது என்று அம்மா மேலிருந்து சொல்வாள். டிரக் மாமா வருகிறார், கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அப்புறம் டிக்கெட் தீர்ந்துவிட்டது, அடுத்த தடவை வரும்போது போகலாம் என்றேன்.

டிக்கெட் தீரவில்லை. இரண்டு டிக்கெட் என் பிரீஃப்கேஸில் இருந்தன. எங்களிடம் சரக்கு வாங்குகிற கம்பெனியில் ஒருவருக்கு அந்தக் கச்சேரி ஆசை என்று கேள்விப்பட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, மேலதிகாரிகூடச் சொல்லவில்லை. நானாகப் போய்க் கொடுத்தேன். ஆர்டர் வந்தால் மேனேஜர் ஆகலாம் என்று கணக்கு. ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போயிற்று. அன்று ராத்திரி பிளான்டில் வேலை என்று சொல்லிவிட்டு, வேலை இல்லாமலே பத்து மணி வரை அங்கே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த தடவை என்றேனே, அது வர பத்து வருடம் ஆயிற்று. அவர் தன் பிள்ளைகளோடு இருந்ததால் என் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு கெட்டது என்று, கேட்டால் சிரிப்பாய், எனக்குள் அவர் மேலேயே ஒரு கோபம்கூட இருந்தது. 2006-ல் அவர் திரும்பி வந்தபோது நீ காலேஜ் பையன்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மாதம் உன்னோடு சரியாகப் பேசவில்லை நான், ஞாபகம் இருக்கிறதா? காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

அப்புறமும் நான் திருந்தவில்லை. மெக்சிகோ பிளான்ட், அலபாமா பிளான்ட் என்று நானே கையைத் தூக்கிப் போனேன். உங்களுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். நீ நான்கு நாள் ஓட்டலில் தங்கி வேலை பார்ப்பதைப் பற்றி நான் அறிவுரை சொல்லும்போதெல்லாம் நீ பேசாமல் கேட்டுக்கொள்வாய். திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது உன் நல்ல குணமா, என்மேல் உள்ள வெறுப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

மே கடைசியில் வீடியோவில் பேசினாயே, அன்று உன் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது. ஜன்னலுக்குக் கீழே ஏசி. ஞாயிற்றுக்கிழமை அது. அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் சரியாகத் தெரியவில்லை. நானும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

டிக்கெட் கொடுத்தேனே, அந்த மனிதர் மறுவாரம் நன்றிக்காக ஒரு டி-ஷர்ட் கொண்டுவந்து தந்தார். கச்சேரியில் விற்றது, கறுப்பு, எக்ஸ்எல். அதை உன்னிடம் கொடுத்தால் எங்கே கிடைத்தது என்று கேட்பாயே. கராஜில் டூல் பாக்ஸின் அடித்தட்டில் 29 வருடமாக இருக்கிறது. மடித்த இடத்தில் எழுத்து உரிந்திருக்கிறது, எண்ணெய் வாடை லேசாக வரும். துவைத்தால் மிச்சமும் போய்விடும் என்று அம்மா சொன்னாள். பழைய துணி என்று மட்டும்தான் அவளிடம் சொன்னேன்.

இப்போது உனக்குச் சரியாக இருக்கும். பார்சல் கட்டி வைத்துவிட்டேன், பாப்பாவுக்கு முறுக்கும் இருக்கிறது. மேலே முகவரி மட்டும் இன்னும் எழுதவில்லை. எங்கே அனுப்புவது என்று ஒரு வரி எழுதிப் போடு. போன் பேச வேண்டாம், எழுதினால் போதும்.

அப்பா