கமக்காரர் அமைப்பு: செயலாளரின் 2024 ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

கடந்த ஆண்டு எட்டு நிர்வாகக் கூட்டங்கள் நடந்தன. பொங்கல் வழமை போல் சனசமூக நிலையத்தில். சிரமதானம் இரண்டு. கமநல சேவை நிலையப் பயிற்சிக்கு ஆறு பேர் போய் வந்தார்கள்.

ஆண்டு முழுக்க என்னை அலைய வைத்த விடயம் வேறு. எரிபொருள் கம்பனி ஒன்றின் சமூக உதவி நிதியில் எமது தோட்டங்களுக்குத் தூவல் நீர்ப்பாசனக் கருவிகள் கேட்டு விண்ணப்பித்தோம். எண்ணெய்க்காரரிடம் ஏன் போனாய் என்று சிலர் கேட்டீர்கள். எமது இறைப்பே மண்ணெண்ணெயை நம்பித்தானே. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது பம்பை நிறுத்திவிட்டு வெங்காயப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்ததும் தூரத்துக் கதையல்ல. 2019 இல் உயர் நீதிமன்றம் அந்த மின் கம்பனியை 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொல்லும் வரை அந்தச் சனம் வாளியும் கையுமாக அலைந்தது.

நைஜீரியாவில் இப்படியான உதவி கம்பனியின் மனசைப் பொறுத்ததல்ல. 2021 சட்டப்படி, எண்ணெய் எடுக்கும் கம்பனி முந்தைய ஆண்டுச் செயற்பாட்டுச் செலவில் 3 சதவீதத்தை அந்த ஊர்களின் நிதியத்தில் போட வேண்டும். இத்தாலிய எண்ணெய்க் கம்பனியான அஜிப் 1987 இலேயே அங்கே எண்ணெய் எடுக்கும் நைஜர் கழிமுகத்துக் கமக்காரருக்கு விதையும் பயிற்சியும் கொடுக்கத் தொடங்கியது. அதே கழிமுகத்தில், ஓகோனி ஊரொன்றின் கிணற்றில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைவிட 900 மடங்குக்கு மேல் பென்சீன் என்ற, புற்றுநோய் தரும் எண்ணெய் நச்சு இருப்பதாக 2011 இல் ஐ.நா. சுற்றாடல் அமைப்பு கண்டது. விதை கிடைத்தும் தண்ணீர் கெட்டால் என்ன செய்வது? அதனால்தான் கருவிகளோடு, ஆண்டுக்கு இரண்டு தரம் கிணற்று நீர்ப் பரிசோதனையும் கேட்டேன்.

ஆனியில் கம்பனி அலுவலர் இருவர் வந்தார்கள். தோட்டங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். பிறகு சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கேட்டார்கள். 64 அங்கத்தவர்களில் 19 பேரின் அடிக்கட்டைதான் அதில் இருந்தது. ஒருவர் அதை இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அன்று வந்திருந்த அங்கத்தவர்கள் 7 பேர். கருவிகளை யார் பராமரிப்பது என்ற கேள்விக்கு நான் தனியே நின்று பதில் சொன்னேன். அடுத்த சுற்றில் பரிசீலிக்கலாம் என்று ஆவணியில் கடிதம் வந்தது. மாதம் 50 ரூபாய் சந்தாதான். எனக்கு அது பெரிய வேதனை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செலவு வரவைவிடச் சற்றுக் கூட. பயணச் செலவில் ஒரு பகுதியை நானே போட்டேன், அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

கிராம அலுவலருக்கும், மண்டபம் தந்த சனசமூக நிலையத்துக்கும், நிர்வாகத்துக்கும் நன்றி.

மாசி முடிய முன்னர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். செயலாளர் பதவிக்கு வேறு யாரும் முன்வந்தால் கோப்பை ஒழுங்காகக் கையளிப்பேன். இல்லாவிட்டால் நானே எழுதுகிறேன். பற்றுச்சீட்டுப் புத்தகம் இன்று என் பையில்தான் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன்.

செயலாளர்