அன்று போனை எடுத்தவருக்கு நன்றி

தேர்வு நேரம், ஒரு மாணவி என் அறை வாசலில் பேச்சே வராமல் அழுதுகொண்டு நின்றாள். உடனே மாணவர்களுக்கான மனநல ஆலோசனை மையத்துக்கு போன் போட்டேன். எடுத்த உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. “தனியா விடாதீங்க சார், உயிரை விடுற எண்ணம் இருக்கான்னு நேராவே கேளுங்க, கேக்குறதால அந்த எண்ணம் வந்துடாது” என்று நிதானமாகச் சொன்னீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்றீர்கள், அது ரொம்ப முக்கியமான விஷயம். அவளிடம் மையத்தின் நம்பரைக் கொடுத்து அனுப்பாமல் கூடவே நடந்து அழைத்து வரச் சொல்லி, நாங்கள் வந்து சேரும்வரை லைனிலேயே இருந்தீர்கள். பாடம் நடத்தத்தான் எங்களுக்குத் தெரியும், இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தப் பெண் இப்போது வகுப்புக்கு வருகிறாள். மனமார்ந்த நன்றி. இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்க வேண்டும்.