‘வழக்கு’ என்று அடிக்க முடியாத பத்து நாட்கள்

அன்புள்ள எல்லாருக்கும்,

புத்தகம் என்று சொன்னால் பெரிய பேச்சு. 48 பக்கம், நடுவில் இரண்டு பின், அவ்வளவுதான். தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் தங்கள் நாட்டில் நியாயம் கிடைக்காமல் சர்வதேச மன்றங்களுக்குக் கொண்டுபோன வழக்குகளில் சிலவற்றைத் தமிழில் சுருக்கிச் சொல்லும் சிறு வெளியீடு. போன வாரம் அச்சாகி வந்துவிட்டது. உள்ளே நன்றி சொல்ல அரைப் பக்கம்தான் மிஞ்சியது. அதிலும் பாதிப் பேர் ‘என் பெயர் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பெயரே இல்லாமல், கொஞ்சம் விஸ்தாரமாக, இந்த மடல்.

நடந்தது இதுதான். ஜூன் கடைசி ஞாயிறன்று நடக்கும் வானவில் சுயமரியாதைப் பேரணிக்கு முன்னால் புத்தகம் கையில் இருக்க வேண்டும். அச்சகத்துக்குக் கொடுக்கப் பதினான்கு நாள் இருக்கும்போது, இரவு பதினொன்றரைக்கு, டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றிய காப்பி லேப்டாப்பில் விழுந்தது. துடைத்தேன். கவிழ்த்து மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். அரிசிக்குள் புதைக்கச் சொன்னாள் அம்மா. எங்கள் வீட்டு அரிசி டப்பாவுக்குள் அது நுழையவில்லை. காலையில் பொத்தானை அழுத்தினால் ஒரு சின்ன வெள்ளை விளக்கு மூன்று முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. பேக்கப் எங்கே என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பிப்ரவரியில் எடுத்தது இருந்தது. நான் எழுத ஆரம்பித்ததே மார்ச்சில்.

முதலில் போன கடையில் மூடியைக்கூடத் திறக்காமல் “போர்டு போச்சு சார், பதினெட்டாயிரம் ஆகும்” என்றார்கள். சரி, வைத்துவிட்டுப் போகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். மாஸ்கிங் டேப்பைக் கிழித்து மூடியில் ஒட்டினார்கள். அதில் என் பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டி, “பாஸ்வேர்டு எழுதிடுங்க” என்றார்கள். பக்கத்து மேசையில் ஏழெட்டு லேப்டாப்கள். ஒவ்வொன்றின் தலையிலும் இதேபோல ஒரு டேப், அதில் ஒரு பாஸ்வேர்டு. ஒன்றில் ஏதோ ஒரு பெண் குழந்தையின் பெயரும் 2011 என்ற வருடமும். டீ கொண்டுவரும் பையன்கூடப் படித்துக்கொண்டு போகலாம்.

பேனாவை வாங்க எனக்குக் கை வரவில்லை. அந்த லேப்டாப்பில் 2016-லிருந்து நான் எழுதிவரும் நாட்குறிப்பு இருக்கிறது. அதில் அடிக்கடி யார் பெயர் வரும் என்பது நெருங்கிய நாலு பேருக்குத் தெரியும். அந்த நாலு பேரில் அந்தக் கடைக்காரர் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காப்பி கொட்டியபோது நான் பாதியில் நிறுத்தியிருந்தது ஜெஃப்ரி டட்ஜன் வழக்கு. இவர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் கப்பல் அலுவலக எழுத்தர். 1976 ஜனவரி 21 அன்று போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வாரண்டோடு போலீஸ் வந்து இவர் வீட்டைச் சோதனை போட்டது. இவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும்கூடக் கையில் சிக்கின. அதில் ஆண்களோடு இவருக்கு இருந்த உறவு பற்றி எழுதியிருந்தது. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் நாலரை மணி நேரம் அந்தரங்கத்தைப் பற்றியே கேள்வி கேட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் கழிந்த பிறகு, வழக்கு இல்லை என்று சொல்லிக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவற்றின்மேல் குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன. அவர் எழுதியவற்றின்மேல் வேறு யாரோ எழுதிய குறிப்புகள். தீர்ப்பில் இது ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தமிழில் எழுதத் தெரியாமல்தான் அன்று ராத்திரி எழுந்துபோய்க் காப்பி போட்டேன்.

ஆகவே என் முதல் நன்றி, மாடியில் எட்டுக்கு எட்டு அறையில் உட்கார்ந்து லேப்டாப் பழுதுபார்க்கும் சென்னை ரிச்சி தெருத் தம்பிக்கு.

தம்பி, நீங்கள் கேட்ட முதல் கேள்வி, “காப்பியில சர்க்கரை போட்டிருந்தீங்களா?” போட்டிருந்தேன், இரண்டு ஸ்பூன். உதட்டைப் பிதுக்கினீர்கள். தண்ணீர் என்றால் காய்ந்துவிடும், சர்க்கரைப் பாகு போர்டில் ஒட்டிக்கொண்டு அரிக்கும் என்று சொன்னீர்கள். பிறகு என் கண்ணெதிரிலேயே பின்மூடியைக் கழற்றி, சூயிங்கம் நீளத்துக்கு இருந்த எஸ்எஸ்டியை (என் கோப்புகள் எல்லாம் அதில்தான்) எடுத்து ஒரு டப்பாவில் சொருகி உங்கள் கணினியில் மாட்டினீர்கள். அது 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்டது. “எனக்குச் சொல்லாதீங்க, நீங்களே அடிங்க” என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினீர்கள். நான் போனைப் பார்த்து ஆறு ஆறாக அடித்து முடித்து, ஃபோல்டர்கள் வரிசையாகத் திரையில் வந்து நின்றபோது, யாரும் சொல்லாமலே நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டீர்கள். நாற்பது நிமிடம். டீ வந்தது, அதையும் சுவரைப் பார்த்தபடியே குடித்தீர்கள். அங்கே இருந்ததெல்லாம் ஒரு மின்வாரிய அட்டையும் முருகன் காலண்டரும்தான்.

ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவில் தனிவாழ்வுக்கு மதிப்பு என்று ஒரு சொற்றொடர் வருகிறது. டட்ஜன் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஜெயித்தது அந்தப் பிரிவை வைத்துத்தான். 1981 அக்டோபர் 22, நீதிபதிகளில் 15-க்கு 4. வழக்குப் போடாவிட்டாலும், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் ஒரு சட்டம் தலைக்கு மேல் தொங்குவதே ஒருவரின் தனிவாழ்வில் தலையிடுவதுதான் என்றார்கள். மறு வருடமே வட அயர்லாந்தில் சட்டம் மாறியது. ‘மதிப்பு’ என்ற சொல் சரிதானா, ‘பாதுகாப்பு’ என்று போடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் திரும்பி உட்கார்ந்த பிறகு ‘மதிப்பு’ என்றே விட்டுவிட்டேன்.

கீபோர்டு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார் தம்பி. அதுவரை தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்த வழக்கறிஞர் அக்காவுக்கு அடுத்த நன்றி. அக்கா, குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் பேரன் பிடுங்கி எறிந்தது ஒரே ஒரு சாவிதான். ஆனால் நான் அடிக்கும் தமிழ்99 விசைப்பலகை முறையில் அந்த இடத்தில்தான் ‘ழ’ இருக்கிறது. வழக்குகளைப் பற்றி 48 பக்கம் எழுத வேண்டும், ‘வழக்கு’ என்று அடிக்க முடியாது. முதலில் ‘ள’ போட்டு ஒப்பேற்றினேன். ‘தனிவாள்வு’ என்று வந்தது, ஏதோ போர்க்களம் மாதிரி. கடைசியில் மொத்தமாக மாற்றிவிடலாம் என்றால் ‘அவர்கள்’ எல்லாரும் ‘அவர்கழ்’ ஆகிவிடுவார்கள். அப்புறம் ‘ழ’ வரும் இடமெல்லாம் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். வ*க்கு. மொ*. தமி*. அந்தக் கோப்பைத் தெரியாமல் அப்படியே பிழைதிருத்துபவருக்கு அனுப்பிவிட்டேன். பெரியவர் போனில் கூப்பிட்டு, “தம்பி, விஷயம் நல்ல விஷயம்தான், ஆனா இவ்வளவு கெட்ட வார்த்தை எதுக்கு?” என்றார். அவருக்கும் நன்றி. சிரிக்காமல் கேட்டதற்குத் தனி நன்றி.

நடுவில் இரண்டு நாள் போனில் பேசி எழுதவும் பார்த்தேன். அது டட்ஜனை ‘டஜன்’ என்றே கேட்டது.

அக்கா திருத்திய தவறுகள் ஏராளம். நான் ஒரு தலைப்புக்கு ‘ஜெனீவா நீதிமன்றம்’ என்று பெயர் வைத்திருந்தேன். “அது கோர்ட் இல்லடா, கமிட்டி” என்று சிவப்பில் அடித்தார். ஐ.நா. மனித உரிமைக் குழு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாக்காரர் நிக்கலஸ் டூனன் முறையிட்டது அங்கேதான். இந்தப் புகாராலேயே வேலையும் போயிற்று என்று அவர் அந்தக் குழுவிடம் சொன்னார். 1994 மார்ச் 31 அன்று குழு அவர் பக்கம் நின்றது. பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்னும்போது பாலீர்ப்பும் அதில் அடங்கும் என்றது. ஆனால் குழு சொன்னதும் டாஸ்மேனியா கேட்டுவிடவில்லை. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை நீக்க 1997 வரை ஆனது. “கோர்ட்டுன்னு போட்டா, தீர்ப்பு வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு படிக்கிறவங்க நினைப்பாங்க” என்றார் அக்கா. ஜெரோம் நாரிஸ் என்று நான் பெயரையே மாற்றி வைத்திருந்ததையும் அவர்தான் பிடித்தார். டேவிட் நாரிஸ், அயர்லாந்து, 1988, 8-க்கு 6. மயிரிழையில் தப்பிய வழக்கு. அவருக்காக வாதாடிய மேரி ராபின்சன் இரண்டு வருடத்தில் அந்த நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார்.

பிரிட்டனைச் சேர்ந்த திருநங்கை கிறிஸ்டின் குட்வினின் வழக்கில் எனக்குக் கைகொடுத்தவர் ஒரு மூத்த திருநங்கை அம்மா. ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தின் 2002 தீர்ப்பில் இருப்பவை அந்தக் காலத்துச் சொற்கள். தமிழில் எப்படிச் சொன்னாலும் இடித்தது. திருநர்களையும் தன்பாலீர்ப்பாளர்களையும் மரியாதையாகக் குறிப்பிட 2022-ல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் பெரிய துணை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கு இல்லாவிட்டால் அது வந்திருக்காது. ஆனால் அந்த அம்மா பட்டியலைப் பார்க்கவே இல்லை. “முதல் வரியில அவங்க ஒரு பெண்ணுன்னு எழுது. அப்புறமா மீதிக் கதையைச் சொல்லு” என்றார். அப்படியே எழுதினேன். பிரிட்டனில் பெண்களுக்கு அப்போது 60 வயதில் ஓய்வூதியம்; குட்வினைச் சட்டம் ஆணாகவே கணக்கு வைத்திருந்ததால் 65 வரை சந்தா கட்ட வேண்டியிருந்தது. இருநூறு பவுண்டு திருடுபோனபோது போலீசுக்குக்கூட அவர் போகவில்லை. விசாரணை என்று வந்தால் தன் பழைய அடையாளம் வெளியே வந்துவிடுமே என்ற பயம்.

இந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை அக்கா வருகிறார். என் அச்சுப்படிகளை அடுக்கிப் பின் அடித்துக்கொண்டே படித்துவிடுவார். நான் ‘200 பவுன்’ என்று எழுதியிருந்தேன். “எரநூறு பவுனா! அவ்வளவு நகை போயும் கம்ப்ளைன்ட் குடுக்கலியா?” என்று ஸ்டேப்ளரைக் கீழே வைத்துவிட்டார். இங்கிலாந்துக் காசு என்று விளக்கினேன். “அதானே பாத்தேன்” என்றவர், கொஞ்சம் பொறுத்து, “இருந்தாலும் திருட்டுக் குடுத்தவங்களே பயந்துக்கிட்டு இருக்கணுமா?” என்றார். அன்றே ‘பவுண்டு’ என்று திருத்தினேன். டட்ஜன் பக்கத்தைப் படித்துவிட்டு அவர் கேட்டது இன்னொன்று: “அந்த டைரியை அவரு அப்புறம் வச்சிருந்தாரா, கிழிச்சிட்டாரா?” அக்கா, இதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

கொழும்பிலிருந்து போனில் பேசிய தோழிக்கும் சொல்ல வேண்டும். தன்பாலுறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு முதலில் ஆண்களை மட்டும் சொன்னது. 1995-ல் திருத்தினார்கள். ‘ஆண்’ இருந்த இடத்தில் ‘ஆள்’ வந்தது. “சமத்துவம் எண்டு எங்களையும் உள்ள இழுத்துவிட்டினம்” என்றாள் தோழி. இலங்கைச் செயற்பாட்டாளர் ரோசன்னா ஃபிளேமர் கல்தேரா, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழுவிடம் போய், 2022-ல் அந்தக் குழு அவருக்குச் சார்பாக முடிவு சொன்ன கதையை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆண்/ஆள் என்ற அந்த ஒற்றை எழுத்தையும் அவள்தான் காட்டினாள். வேறு மொழியில் எழுதியிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

வழக்குத் தொடுத்தவர்களுக்கு நான் நன்றி சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கம்தான். ஆனாலும் 2014-ல் திருநர் உரிமை பற்றி நம் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் குட்வின் பெயர் வருகிறது. 2018 செப்டம்பர் 6-இல், மனமொத்த தன்பாலுறவைக் குற்றமாக்கிய அளவுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை வெட்டிச் சாய்த்த தீர்ப்பில் டட்ஜன் வருகிறார், நாரிஸ் வருகிறார், டூனன் வருகிறார். பெல்ஃபாஸ்ட் எழுத்தர் ஒருவரின் நாட்குறிப்பு டெல்லி வரைக்கும் வந்திருக்கிறது. ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் தன் தீர்ப்புகளையெல்லாம் காசு வாங்காமல் இணையத்தில் போட்டு வைத்திருப்பதற்கும் ஒரு கும்பிடு. லேப்டாப் இல்லாத அந்த முதல் இரண்டு நாளும் போனில் பத்தி பத்தியாகத் தள்ளிப் படித்தேன்.

அம்மாவுக்கு நன்றி வேண்டாமாம். இனிமேல் காப்பியை அடுக்களையிலேயே குடித்துவிட்டு வந்தால் போதுமாம்.

ரிச்சி தெருத் தம்பிக்கு மறுபடியும். பல் துலக்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துக்கொண்டு போர்டைத் தேய்த்துத் தேய்த்துச் சர்க்கரையை எடுத்ததாகச் சொன்னீர்கள். கருகிப் போயிருந்த கெபாசிட்டரை ஒரு சின்னக் கவரில் போட்டு, “உங்களோடதுதானே” என்று கொடுத்தீர்கள். அது என் மேசையில் இருக்கிறது. மொத்தம் 4,200 ஆயிற்று, நான் 3,000 கொடுத்தேன், மீதியை எப்போது வேண்டுமானாலும் தாருங்கள் என்றீர்கள். சனிக்கிழமை மீதி 1,200-ஐயும் இரண்டு புத்தகங்களையும் கொண்டுவருகிறேன். டட்ஜன் 9-ஆம் பக்கத்தில் இருக்கிறார்.