ஏப்ரல் கணக்கும் அழகர் கணக்கும்

மதுரை
25.5.2025, ஞாயிறு

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் போடுகிறவர்களுக்கு உடுப்பு தைத்துக் கொடுத்து இரண்டு வாரம் ஆகியும் தோள்பட்டை வலி விடவில்லை, அம்மா தினமும் தைலம் தேய்த்துவிடுகிறாள். நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். போனில் இதைப் பேசி முடிக்க முடியாது, அதனால் இன்று கடைக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருஷம் ஏப்ரலில் நம் வெப்சைட்டுக்கு 1,480 பேர் வந்தார்கள், இந்த ஏப்ரலில் 790 பேர்தான், பாதியாகிவிட்டது, விளம்பரத்துக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் எனக்கும் வயிற்றைக் கலக்கியது. பிறகு ஆர்டர் நோட்டை எடுத்தேன். வெப்சைட்டைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணி வேட உடுப்பு தைக்கச் சொன்னவர்கள் போன வருஷம் 61 பேர், இந்த வருஷம் 64 பேர். ஆள் பாதியானால் உடுப்பு எப்படிக் கூடும்?

அம்மாடி, நம் தொழில் இங்கிலீஷ் மாதத்தை வைத்து நடப்பதில்லை. சித்ரா பௌர்ணமியை வைத்து நடக்கிறது. 2024-ல் அழகர் ஆற்றில் இறங்கியது ஏப்ரல் 23. இந்த வருஷம் மே 12. வேடத்துக்குச் சல்லடமும் (கால்சட்டை) உருமாவும் (தலைப்பாகை) தேடுகிறவன் அழகர் மலையிலிருந்து கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் தேடுவான். போன வருஷம் அந்தக் கூட்டம் ஏப்ரல் 22-க்குள் வந்து போய்விட்டது. இந்த வருஷம் பாதிக் கூட்டம் மே மாதத்தில் வந்தது. நீ ஏப்ரலையும் ஏப்ரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திருவிழாவையும் வெறும் நாளையும் ஒப்பிட்ட மாதிரிதான்.

நேற்று ராத்திரி நானே தேதியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். போன வருஷம் மார்ச் 24 முதல் ஏப்ரல் 22 வரை, இந்த வருஷம் ஏப்ரல் 12 முதல் மே 11 வரை, இரண்டும் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய முப்பது நாள். அது 1,610, இது 1,645. குறையவே இல்லை. பார்த்த பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

இன்னொன்று. இந்த வெப்சைட் எண்ணை நீ "பேர்" என்று எழுதுகிறாய். அது பேர் இல்லை. திருப்புவனத்திலிருந்து ஒரு பாட்டி கூப்பிட்டார்கள், பேரனுக்கு முதல் வேடம். காலையில் தன் போனில் நம் அளவு அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டில் டேப் இல்லாததால் பூக்கட்டும் நாரைப் பையன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டு, அதை ஸ்கேலில் நீட்டி வைத்து 22 அங்குலம் என்று எடுத்திருக்கிறார்கள். பையன் ஓடிவிட்டான், தோள் அளவு எடுக்கவில்லை. மத்தியானம் சோறு ஊட்டும்போது அவனைப் பிடித்து உட்கார வைத்து மறுபடி பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். ராத்திரி மருமகன் வந்து அவர் போனில் பார்த்துவிட்டு நம்மைக் கூப்பிட்டார். வெப்சைட்டுக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் இதை எப்படி எண்ணும் தெரியுமா? முப்பது நிமிஷம் அசைவில்லாமல் இருந்தால் அந்த வருகை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். போன் மாறினால் வேறு ஆள் என்று எடுத்துக்கொள்ளும். ஆக இரண்டு ஆள், மூன்று வருகை. நம் நோட்டில் ஒரே ஒரு வேடம். தப்பு மெஷினுடையது இல்லை. அது பிரவுசரில் போட்டு வைத்த குக்கீ என்ற சின்ன அடையாளக் குறிப்பைத்தான் எண்ணுகிறது, முகத்தைப் பார்ப்பதில்லை. கடைக் கம்ப்யூட்டரில் நான் திறப்பதும் ஒரு ஆள்தான், அதை முதலில் கழித்துவிடு.

பவுன்ஸ் ரேட், அதாவது வந்ததும் திரும்பிப்போன வருகை, 64 சதவீதம் என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறாய். இதில்தான் எனக்கு உன்மேல் கொஞ்சம் வருத்தம். புதுமண்டபத்தில் கடை இருந்தபோது நீ ஸ்கூல் விட்டு வந்து கல்லில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். எத்தனை பேர் வெயிலுக்கு ஒதுங்கினார்கள், எத்தனை பேர் தூணில் சிலை பார்த்துப் போனார்கள்? யாரையாவது நாம் நஷ்டம் என்று எழுதினோமா? இப்போதைய கணக்கில் பத்து நொடிக்கு மேல் நின்றாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நாம் முக்கியம் என்று குறித்த காரியத்தைச் செய்தாலோ அது நல்ல வருகை. மூன்றும் இல்லாததுதான் பவுன்ஸ். 2023 ஜூலையில் நின்றுபோன பழைய அனலிட்டிக்ஸில் ஒரே பக்கம் பார்த்துப் போனாலே பவுன்ஸ், அந்தப் பழைய எண்ணோடு இதைச் சேர்த்துப் பார்க்கவே கூடாது.

நம் பக்கத்தில் போன் நம்பரை உச்சியில் பெரிதாகப் போடச் சொன்னது நான்தான். வருகிறவர் ஏழாவது நொடியில் அதைத் தொட்டுக் கூப்பிடுகிறார். நம்பரைத் தொடுவதை முக்கியக் காரியம் என்று நீ இன்னும் குறித்து வைக்கவில்லை, ஆகவே எனக்கு ஆர்டர் கொடுத்தவர் உன் கணக்கில் வந்ததும் ஓடிப்போனவர் ஆகிவிட்டார். அந்த ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு மறுபடி பவுன்ஸைப் பார், பிறகு பேசுவோம்.

எந்த வழியாக வந்தார்கள் என்று தெரியாதவர்களைப் போடும் டைரக்ட் கணக்கில் இவ்வளவு பேர் இருக்கிறார்களே, யார் இவர்கள் என்று கேட்டாய். எல்லாரும் முகவரியைக் கையால் அடித்து வருகிறார்கள் என்று நினைக்காதே. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுவார்கள். அழகருக்கு நேர்ந்துகொண்டு திரி (தீப்பந்தம்) எடுத்து ஆடுகிறவர்கள் குரூப்பில் நம் படத்தை அனுப்புகிறார்கள் என்று போனில் பேசியவர்கள் சொன்னார்கள். நான் அனுப்பும் லிங்க்குக்கு மட்டும் ஒரு யூடிஎம் (எங்கிருந்து வந்தார் என்று காட்டும் அடையாளச் சொல்) ஒட்டிக் கொடு, அதுவாவது தனியாகத் தெரியட்டும்.

விளம்பரப் பணத்தைப் பற்றி. போன புரட்டாசியில் ஒருவர் பேச்சை நம்பி 6,000 ரூபாய் கொடுத்தோமே, பத்து நாளில் ஐயாயிரம் வருகை காட்டினார். சராசரியாக ஒரு நொடி நின்றிருக்கிறார்கள், அளவு அட்டவணையை ஒருவர்கூடத் திறக்கவில்லை, ஒரு போன் வரவில்லை. அந்தக் காசில் ஜரிகை வாங்கியிருக்கலாம். இந்த வருஷம் வேண்டாம், அம்மாடி. நான் கூப்பிடுகிறவர்களிடம் எல்லாம் "எங்க பாத்தீங்க?" என்று கேட்டு நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். உன் கணக்கையும் என் நோட்டையும் ஒருநாள் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கூழ்வத்தல் காய்ந்துவிட்டது, மாமா வெள்ளிக்கிழமை பெங்களூரு வரும்போது கொடுத்துவிடுகிறாள் அம்மா. அவரிடமே நோட்டின் ஜெராக்ஸையும் தருகிறேன். நம்பரைத் தொடுவதைக் குறித்து வைத்துவிட்டு ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிடு, தையல் மெஷின் சத்தம் இருக்காது.

அன்புடன்,
அப்பா